கத்தோலிக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை முதன்முறையாகக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்க்கும் பெற்றோருக்கும், அங்கே போகப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கக் குடும்பமோ, வேறு சமயமோ, சமயமே வேண்டாம் என்று இருப்பவர்களோ, யாராக இருந்தாலும் முதல் சில வாரங்கள் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். எல்லோரும் எழுந்து நிற்கும்போது நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் எழுந்தால் அவர்கள் முழந்தாளிடுவார்கள். நான் கத்தோலிக்கன் இல்லை. இப்படிப்பட்ட பள்ளியில் பாடம் எடுத்தே தலை நரைத்தவன். புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பின்வரிசையில் நின்று பார்த்தே பழகிவிட்டது.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிகள் உங்களை நம்பச் சொல்வதில்லை. கூட இருக்கச் சொல்கின்றன. ஜெபம் நடக்கும்போது அமைதியாக இருப்பது, திருப்பலிக்கு (கத்தோலிக்கரின் முக்கிய வழிபாடு, ஆங்கிலத்தில் மாஸ்) வந்து உட்கார்வது, சேவைக்குப் போவது, சமய வகுப்பில் படிப்பது, இவையெல்லாம் கூட இருப்பதில் சேர்த்தி. எதுவரை கூட இருக்கவேண்டும், எங்கே ஒதுங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

சேரும் முன்: பள்ளி யாருடையது?

பெயர்ப் பலகையில் புனிதர் பெயர் இருப்பதால் மட்டும் அது கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது. கத்தோலிக்கம் அல்லாத ஆங்கிலிக்கன் சபைப் பள்ளிகளுக்கும் அப்படிப் பெயர் உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 803ஆம் பிரிவுப்படி, திருச்சபை அதிகாரமோ அதன் அமைப்போ நடத்தும் பள்ளி, அல்லது அந்த அதிகாரம் எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட பள்ளிதான் கத்தோலிக்கப் பள்ளி. அந்த அனுமதி இல்லாமல் 'கத்தோலிக்க' என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது.

அதற்குள்ளேயும் வகைகள் இருக்கின்றன. சில பள்ளிகள் மறைமாவட்டம் என்ற திருச்சபை நிர்வாகப் பகுதிக்குச் சொந்தம். அவற்றின் மேல்மட்டத்தில் இருப்பவர் ஆயர் (பிஷப்). சிலவற்றைப் பங்கு, அதாவது ஓர் ஊர்க் கோவிலைச் சேர்ந்த சமூகம், நடத்தும். மற்றவை ஏதாவது ஒரு துறவற சபையின் கையில் இருக்கும். பள்ளியின் குணம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும் என்பதால் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. 1540இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபை 1548இல் சிசிலியின் மெசினாவில் பள்ளி திறந்தது. 1599இல் தன் பள்ளிகளுக்கென்று ஒரு முழுப் பாடத்திட்டத்தையே வெளியிட்டது. இன்றும் இயேசு சபைப் பள்ளிகளில், நாள் முடியும்போது கண்ணை மூடி அன்று நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனை என்ற பழக்கம் உண்டு. தேர்வுத் தாளின் தலைப்பில் 'ஏ.எம்.டி.ஜி.' என்று எழுதியிருந்தால் குழம்பவேண்டாம். 'இறைவனின் அதிமிக மகிமைக்காக' என்ற லத்தீன் வாக்கியத்தின் சுருக்கம் அது.

இத்தாலியக் குருவான தொன் போஸ்கோ தொடங்கிய சலேசியப் பள்ளி என்றால் விளையாட்டு மைதானம்தான் அதன் நடுக்கூடம். ஆசிரியர் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளோடு நிற்கவேண்டும் என்பது அவர்கள் மரபு. தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்காதபடி கூடவே இருப்பது என்ற அவருடைய 'தடுப்பு முறை'யிலிருந்து வந்தது இது. பிரான்சின் ரீம்ஸ் நகரில் 1680 வாக்கில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் தொடங்கிய சகோதரர்களின் பள்ளியில், வகுப்பு நடுவிலேயே ஒருவர் 'நாம் இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வோம்' என்பார். எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாவார்கள். 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் இந்த லசால்தான்.

ஃபாதர், பிரதர், சிஸ்டர் வித்தியாசமும் இங்கேயே தெரிந்திருக்கட்டும். ஃபாதர் குருப்பட்டம் பெற்றவர், திருப்பலி நிறைவேற்றுவார். பிரதர் துறவி, ஆனால் குரு அல்லர். சிஸ்டர் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். இன்று பல பள்ளிகளில் இவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியர்களில் பெரும்பாலானோர் குடும்பஸ்தர்களான பொதுநிலையினர்தான், தலைமையாசிரியர் உட்பட. அவர்களை ஊர் வழக்கப்படி சார், மிஸ், டீச்சர் என்று அழைத்தால் போதும்.

கையெழுத்துப் போடும் முன்

சேர்க்கைப் படிவத்தோடு ஒரு கையேடு தருவார்கள். கட்டணப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவதுதான் பெற்றோர் வழக்கம். பின்னால் வரும் சண்டைகளில் பாதி, அடுத்த பக்கங்களைப் படிக்காததால் வருபவை. மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். சமயக் கல்வி எல்லோருக்கும் கட்டாயமா, அல்லது வேற்றுச் சமயப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு தனியாக உண்டா? திருப்பலிக்கு எல்லோரும் வரவேண்டுமா? சேவை நேரம் எவ்வளவு, அது தேர்ச்சியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா?

பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் சில பெற்றோருக்கு இருக்கும். வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். கேட்டுவிடுங்கள், நல்ல பள்ளி இதற்குக் கோபப்படாது. திருச்சபையின் சொந்த நிலைப்பாடே தெளிவாக இருக்கிறது. வத்திக்கானில் கல்விக்குப் பொறுப்பான கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1988இல் வெளியிட்ட ஆவணம், மாணவரின் சமயச் சுதந்திரத்தையும் மனச்சான்றையும் மதிக்கவேண்டும் என்கிறது. நற்செய்தியை எடுத்துச் சொல்வது வேறு, திணிப்பது வேறு என்று பிரித்தும் காட்டுகிறது. அதே சமயம், நற்செய்தியைச் சொல்லும் உரிமையைப் பள்ளி விட்டுக்கொடுக்காது என்பதும் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. ஆக, சுவரில் சிலுவை இருக்கும், வளாகத்தில் மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை போன்ற சிறு இடம்) இருக்கும், பேச்சில் இயேசு வருவார். அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் வேறு பள்ளி பார்ப்பதுதான் இருதரப்புக்கும் நியாயம்.

படிப்பு எப்படி என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்ற பள்ளிகளுக்குக் குறையாத தரத்தில் கல்வி இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது (806ஆம் பிரிவு). ஜெபத்தைக் காட்டிப் பாடத்தில் தள்ளுபடி கேட்க முடியாது.

முதல் வாரம்: காலை ஜெபம்

பெரும்பாலும் நாள் இப்படித்தான் தொடங்கும். அசெம்பிளியிலோ வகுப்பிலோ ஒலிபெருக்கி வழியாகவோ, 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே' என்று குரல் வரும். கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று சிலுவை அடையாளம் வரைவார்கள். மற்றவர்கள் வரையவேண்டியதில்லை. எழுந்து நிற்கவேண்டும், பேசக்கூடாது, புத்தகப் பையைக் குடையக்கூடாது. இவ்வளவுதான். மரியாதைக்காக என்று நினைத்துத் தெரியாத சைகையை அரைகுறையாகச் செய்வதைவிடக் கையைக் கட்டி அமைதியாக நிற்பதே அழகு.

சில பள்ளிகளில் நண்பகலில் மணி அடித்ததும் நடந்துகொண்டிருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். மூவேளை ஜெபம் அது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வராந்தாவில் ஓடிவந்துகொண்டிருந்தால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

ஜெபத்தை நடத்தும் முறை வகுப்பில் ஒவ்வொருவருக்கும் சுற்றி வரும். உங்கள் பெயர் வந்தால் பயப்படவேண்டாம். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளை 'அருள் நிறைந்த மரியே' சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு நல்ல சிந்தனை, உடல்நலமில்லாத ஒருவருக்காக ஒரு வேண்டுதல், ஒரு நிமிட மௌனம் என்று அமைத்துக்கொள்ளலாமா என்று வகுப்பாசிரியரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். என் வகுப்புகளில் கேட்ட சிறந்த காலை ஜெபங்களில் சில, எழுதிவைத்த ஜெபமே தெரியாத பிள்ளைகள் சொன்னவை.

முதல் திருப்பலி

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு திருப்பலி இருக்கும். அப்புறம் பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் விழா, பெரிய திருநாள்கள், மாதத்தின் முதல் வெள்ளி என்று பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கோவிலுக்குள் நுழையும் இடத்தில் தீர்த்தத் தொட்டி இருக்கும். விரலை நனைத்து சிலுவை வரைவது கத்தோலிக்கர் பழக்கம். நீங்கள் கடந்து போகலாம். பீடத்தின் பின்புறமோ பக்கத்திலோ சிறிய பேழை ஒன்றும், அருகில் அணையாத விளக்கும் இருக்கும். நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்த விளக்கு. கத்தோலிக்கர்கள் ஒரு முழங்காலை மண்டியிட்டு வணங்கிவிட்டு இருக்கைக்குப் போவது அதனால்தான். நீங்கள் தலையை லேசாகத் தாழ்த்தினாலே மரியாதை. ஆனால் அந்தப் பேழைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

திருப்பலிக்கு இரண்டு பெரிய பகுதிகள். முதல் பகுதியில் வாசகங்கள், பதிலுரைப் பாடல், நற்செய்தி, மறையுரை (குருவின் உரை). வாசகங்களுக்கு உட்கார்வார்கள், நற்செய்திக்கு எழுவார்கள். இரண்டாம் பகுதி பீடத்தில் அப்பமும் திராட்சை இரசமும் வைத்து நடப்பது. அதன் நடுவில் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இருக்கையின் முன்விளிம்பில் உட்காருங்கள். பின்வரிசைக்காரர் முழந்தாளிட்டுக் கையை உங்கள் இருக்கையின் முதுகில் ஊன்றியிருப்பார். நீங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் பின்மண்டை அவர் கூப்பிய கைமேல் இருக்கும். இருவருக்கும் சங்கடம்.

'அமைதியைப் பகிர்ந்துகொள்வோம்' என்று அழைப்பு வந்ததும் அக்கம்பக்கத்தில் கைகுலுக்குவார்கள் அல்லது கைகூப்புவார்கள். இதில் எல்லோரும் தயக்கமின்றிச் சேரலாம். பத்துப் பேரைத் தேடிப் போய்க் கைகொடுத்துச் சந்தைக்கடை ஆக்கவேண்டாம். இரண்டு பக்கமும் திரும்பினால் போதும்.

அடுத்து வருவதுதான் நற்கருணை. வரிசை வரிசையாக எழுந்து பீடத்தை நோக்கி நடப்பார்கள். திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் பிரிவுப்படி, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கத்தோலிக்கருக்குத்தான் நற்கருணை. இதைப் பாகுபாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அப்பம் இயேசுவின் உடலே என்று அவர்கள் நம்புகிறார்கள். குரு 'கிறிஸ்துவின் உடல்' என்று சொல்லித் தரும்போது, பெறுபவர் 'ஆமென்' என்று சொல்வது அதை ஏற்கிறேன் என்பதற்குத்தான். நம்பாத ஒருவரை அப்படிச் சொல்ல வைப்பதில்லை என்பதில் ஒரு நேர்மையும் இருக்கிறது.

நடைமுறையில் செய்யவேண்டியது இது. உங்கள் வரிசை எழுந்ததும், இருக்கையிலேயே இருந்து முழங்காலை ஒருபக்கம் திருப்பி மற்றவர்களுக்கு வழிவிடலாம். பல இடங்களில் இன்னொரு வழியும் உண்டு. வரிசையோடு நடந்து, குருவின் முன் வந்ததும் இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொள்வது. அதைப் பார்த்ததும் அவர் அப்பம் தராமல் ஆசீர் வழங்குவார். எல்லாப் பள்ளியிலும் இந்த வழக்கம் இல்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரியாமல் கை நீட்டிவிட்டால்? ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது இப்படி மாட்டிக்கொள்ளும். வரிசை தள்ளிக்கொண்டு போயிருக்கும், உள்ளங்கையில் வெள்ளையாக மெல்லிய வட்டம் வந்து உட்கார்ந்திருக்கும், என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இருக்கைக்கு வந்துவிடும். பிறகு பெரிய கலவரம். அப்படிக் கையில் வந்துவிட்டால் அந்த இடத்திலேயே, 'நான் கத்தோலிக்கன் இல்லை, ஃபாதர்' என்று மெல்லச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். எடுத்துச் செல்வதும் கீழே போடுவதும்தான் அவர்களை உண்மையிலேயே புண்படுத்தும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்ற விதி பள்ளித் திருப்பலிக்கும் பொருந்தும், இடைவேளைத் தின்பண்டத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் முன்பே சொன்னால், குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கு ஏற்பாடு செய்யலாம். இன்னொன்று: ஒரு கத்தோலிக்கத் தோழி நற்கருணைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் 'ஏன் போகல?' என்று கேட்காதீர்கள். காரணம் அவளுக்கும் அவள் மனச்சான்றுக்கும் இடையில் இருப்பது.

காணிக்கைப் பை வந்தால் போடலாம், போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தலாம். பாடல் குழு, இசை, பீட அலங்காரம் ஆகியவற்றில் பெரும்பாலும் எல்லாச் சமயப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். பள்ளியோடு ஒட்டிக்கொள்ள நல்ல வழி பாடல் குழுதான் என்பது என் கணிப்பு. பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு எல்லா வகுப்பிலும் ஆள் தெரிந்துவிடும்.

பள்ளி ஆண்டுக்குள் ஓடும் இன்னோர் ஆண்டு

பாடத்திட்டத்தோடு சேர்த்து வழிபாட்டு ஆண்டு ஒன்றும் ஓடும். குருவின் மேலாடை நிறத்தைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். ஊதா என்றால் திருவருகைக்காலம் அல்லது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்காலம். வெள்ளை என்றால் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புக் காலங்கள். சிவப்பு, நம்பிக்கைக்காக உயிர் துறந்த மறைச்சாட்சிகளுக்கும் தூய ஆவிக்கும். மற்ற நாள்களில் பச்சை. திருவருகைக்காலம் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது. மே மாதமும் அக்டோபரும் மாதாவுக்கு உரியவை. அக்டோபரில் ஜெபமாலை மணிகளோடு பிள்ளைகள் கெபி முன் கூடியிருப்பதைப் பார்க்கலாம்.

சாம்பல் புதன் நகர்ந்துகொண்டே இருக்கும். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கு 46 நாள் முன்பு சாம்பல் புதன். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள் தவக்காலம். தேர்வும் இதுவும் மோதும் ஆண்டுகள் உண்டு, நாள்காட்டியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை அன்று நெற்றியில் இடுவார்கள். இது நற்கருணை போல அல்ல, விரும்பினால் யாரும் வரிசையில் சேரலாம். வேண்டாம் என்றால் உட்கார்ந்திருக்கலாம். நெற்றியில் கரியோடு பிள்ளைகள் நாள் முழுக்கக் கணக்கு வகுப்பிலும் வேதியியல் ஆய்வகத்திலும் இருப்பார்கள். கிண்டல் செய்யக்கூடாது, துடைத்துவிடச் சொல்லவும் கூடாது.

நோன்பு விஷயத்தில் பெற்றோர் சிலர் தேவையில்லாமல் பதறுவார்கள். சாம்பல் புதனிலும் புனித வெள்ளியிலும் ஒருவேளை மட்டும் முழு உணவு என்ற நோன்பு 18 வயது முடிந்தவர்களுக்குத்தான். இறைச்சி தவிர்க்கும் ஒறுத்தல் 14 வயது முடிந்தவர்களுக்கு. ஆகவே பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோன்பே கடமையில்லை. ஆனால் தவக்கால வெள்ளிகளில் பள்ளிக் கேன்டீனில் இறைச்சி இருக்காது என்று எதிர்பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து சென்றதை நினைக்கும் வழிபாடு, நடக்கும். 14 நிலைகள், ஒவ்வொன்றிலும் நின்று ஒரு சிறு ஜெபம். கால் வலிக்கும், வசதியான காலணி போட்டு வாருங்கள்.

சமய வகுப்பு

இதையும் ஒரு பாடமாகவே நினைத்துப் படியுங்கள். பல நாடுகளில் இதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு. மறைநூல், திருச்சபை வரலாறு, அறநெறி, சமூகப் போதனை ஆகியவற்றோடு மற்றச் சமயங்களும் பாடத்தில் வரும். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்கிவிடுவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. கத்தோலிக்கக் கல்வி பற்றிய அறிக்கையும் அதே நாளில்தான் வெளியானது. இதைத் தெரிந்த ஆசிரியர், வேற்றுச் சமயப் பிள்ளையின் கேள்வியை வகுப்புக்குக் கிடைத்த வரமாக எடுத்துக்கொள்வார்.

தேர்வில் 'கத்தோலிக்கப் போதனை என்ன?' என்று கேட்டால் போதனையை எழுதுங்கள். 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால் கருத்தை எழுதுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழப்பவர்கள்தான் அதிகம். உடன்படாமல் எழுதியதற்காக இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேவை

கத்தோலிக்கப் பள்ளி எதை உண்மையாக நம்புகிறது என்று பார்க்கவேண்டுமானால் இங்கே பாருங்கள். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவருக்கு உணவு கொடுத்தது, நோயுற்றவரைக் கவனித்தது, சிறையில் இருந்தவரைத் தேடிப் போனது எல்லாம் எனக்கே செய்தது என்று இயேசு சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது. இந்தப் பள்ளிகளின் சேவைத் திட்டங்களுக்கெல்லாம் வேர் அதுதான். 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானம் என்ற மாணவர் தோழர்களோடு சேர்ந்து ஏழைகளின் வீடு தேடிப் போகத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. அதுதான் வின்சென்ட் தெ பவுல் சபை ஆனது, பல பள்ளிகளில் அதன் மாணவர் கிளை இருக்கும்.

சேவை நேரத்தை ஒரு தாளில் பதிவுசெய்து பொறுப்பாளரின் கையெழுத்து வாங்கவேண்டும். கடைசி மாதத்தில் ஓடுவது பலரின் வழக்கம், முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். முதியோர் இல்லத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். போனதும் கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பது கூடாது. பல பள்ளிகளில் இது எழுதப்பட்ட விதியே. கூட்டமாக நின்று பாட்டுப் பாடிவிட்டு அரைமணியில் வண்டி ஏறுவதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருக்கும். 'எப்படி இருக்கீங்க?' என்பதற்கு 'நல்லா இருக்கேன்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தேவைப்படும்.

திரும்பி வந்ததும் அனுபவத்தை எழுதச் சொல்வார்கள். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினால் ஆசிரியர் கொட்டாவி விடுவார். சலிப்பாக இருந்திருந்தால் அதையே எழுதுங்கள்.

தியானம், ஒப்புரவு

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மேல்வகுப்புகளுக்கு, தியானம் என்று அழைத்துப் போவார்கள். ஒருநாளும் இருக்கலாம், இரவு தங்குவதாகவும் இருக்கலாம். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், பேசாமல் இருக்கும் நேரங்கள் இருக்கும், குழுவாக மனம்விட்டுப் பேசும் நேரங்களும் இருக்கும். சில பள்ளிகளில் பெற்றோரிடம் பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். அதில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். குழுவில் ஒருவர் சொன்னதை வெளியே சொல்வது இங்கே பெரிய துரோகம். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லவேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

ஒப்புரவு, அதாவது பாவசங்கீர்த்தனம், கத்தோலிக்கருக்கு மட்டும். அவர்களையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அங்கே சொல்வதைக் குரு யாரிடமும் எந்த நிலையிலும் வெளியிடமுடியாது. பொதுவில் தெரியும் இடத்தில், மற்றவர் பார்வை படும் தூரத்தில் நடப்பதுதான் முறை. வேற்றுச் சமயப் பிள்ளை குருவோடு பேச விரும்பினால் சாதாரணமாகப் போய்ப் பேசலாம். பள்ளி ஆலோசகரும் இருப்பார்.

ஒழுங்கு

சீருடை, முடிவெட்டு, தாமதம் ஆகியவற்றில் கொஞ்சம் கறாராகவே இருப்பார்கள். சில விதிகள் எனக்கே சிரிப்பை வரவழைக்கும், ஆனாலும் காலுறை நிறத்துக்காகப் போராடி ஆசிரியரின் நல்லெண்ணத்தைச் செலவழிக்காதீர்கள். அதைவிடப் பெரிய விஷயங்களுக்கு அது தேவைப்படும். சமய அடையாளங்களை அணிய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும். சேர்க்கையின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறு செய்த பிள்ளையை, பாதிக்கப்பட்டவர் முன் உட்காரவைத்துப் பேசி, மன்னிப்புக் கேட்டு, ஈடு செய்யச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. மன்னிப்பு என்பதால் தண்டனை இல்லை என்று அர்த்தமில்லை. ஏமாற்றி எழுதியதற்கும் கேலிவதைக்கும் விளைவு உண்டு. பொய் சொல்லித் தப்பித்தவனைவிட ஒப்புக்கொண்டவனுக்கு இங்கே வழி கொஞ்சம் லேசாக இருக்கும்.

பெற்றோர்

ஆசிரியரும் பெற்றோரும் நெருங்கி ஒத்துழைக்கவேண்டும், பெற்றோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு மதிக்கப்படவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 796ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்துக்குப் போவது கடமை என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அது உங்கள் உரிமையும்கூட என்று நினைத்துப் போங்கள். பாதுகாவலர் விழாவுக்குக் குடும்பத்தோடு போனால் ஆசிரியர்களை மேசைக்கு வெளியே பார்க்கலாம்.

குறை இருந்தால்

முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் வகுப்புகளின் ஒருங்கிணைப்பாளர், அதன்பின் தலைமையாசிரியர். இந்த வரிசையைத் தாண்டி நேராக மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேயும் தீரவில்லை என்றால், மறைமாவட்டப் பள்ளிக்கு ஆயரகத்தின் கல்வி அலுவலகம். துறவற சபைப் பள்ளிக்கு அந்த சபையின் மாநிலத் தலைவர் (புரொவின்ஷியல்). பள்ளி யாருடையது என்று முதலிலேயே விசாரிக்கச் சொன்னது இதற்கும் உதவும். பேசியதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேலே போகும்போது கடிதமாகவே கொடுங்கள்.

பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால் இந்த வரிசை பொருந்தாது. அது யாராக இருந்தாலும், அங்கி அணிந்தவராக இருந்தாலும், நேரே காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ போகலாம். பள்ளியின் அனுமதி தேவையில்லை. குருக்களும் துறவிகளும் இப்படிப்பட்ட புகாரைத் தெரிந்தும் மறைக்கக்கூடாது என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமே கொண்டுவந்தார். 2023இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன என்று சேர்க்கை நாளிலேயே அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கியதும் உங்கள் கைபேசியில் பதிந்துவிட்டு, பிள்ளையின் நாட்குறிப்பின் முதல் பக்கத்திலும் எழுதிக் கொடுங்கள்.